காயம்பட்ட சிப்பாய்க்கு ஜெயில்தானா மருந்து?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையின் முகமே மாறிவிடுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தலை நனைக்க நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். விடுதிகள் நிரம்புகின்றன. கடைத்தெருவில் வியாபாரம் சூடு பிடிக்கிறது. இந்தக் கூட்டத்தின் நடுவே, விடுதி வாசலில் காக்கி உடுப்பும் கையில் தடியுமாக இரவெல்லாம் கண்விழித்து நிற்கும் மனிதரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், "நான் பட்டாளத்தில் இருந்தவன், ஐயா" என்பார். மில் கேட்டில் நமது தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து உள்ளே அனுப்புகிறவரும் பல இடங்களில் இப்படிப்பட்டவரே.

இவர் யார்? எங்கிருந்தோ வந்த அந்நியர் அல்ல. கடையத்திலோ, ஆலங்குளத்திலோ, சங்கரன்கோவில் பக்கத்திலோ அரை ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்ற ஏழைக் குடியானவனின் மகன். பீடி சுற்றும் தாயின் பிள்ளை. நிலம் சோறு போடாது, மில்லில் இடமில்லை என்றான பிறகு, ஆள்சேர்ப்பு முகாமில் வரிசையில் நின்று, மார்பை அளக்கக் கொடுத்து, ராணுவத்தில் சேர்ந்தவர். தேசப்பற்றும் உண்டு, வயிற்றுப்பாடும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் ஏழை வீட்டுப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகின்றன.

அவரைப் போன்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாம் சொல்வது ஒரு தனி மனிதரின் கதையல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறோம். பனிமலையிலும் எல்லையிலும் பதினைந்து பதினேழு வருஷம் கழித்தார். பக்கத்தில் நின்ற தோழன் செத்து விழுந்ததைக் கண்டார். ஊருக்குத் திரும்பினார். கோயில் கொடையில் வேட்டுச் சத்தம் கேட்டால் உடல் நடுங்குகிறது. தூக்கம் இல்லை. தூங்கினாலும் அலறி எழுகிறார். யாரிடம் சொல்வது? "பட்டாளத்தானுக்குப் பயமா?" என்று ஊர் சிரிக்குமே! ஒரு கிளாஸ் ஊற்றினால் கொஞ்ச நேரம் மறதி கிடைக்கிறது. ஒரு கிளாஸ் பாட்டிலாகிறது. ஒருநாள் இரவு வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. போலீஸ் வருகிறது. வழக்கு, ரிமாண்டு, பாளையங்கோட்டை ஜெயில். வாச்மேன் வேலை போய்விடுகிறது. மனைவி குழுக்கடன் வாங்கி வக்கீலுக்குக் கொடுக்கிறார். மகன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறான்.

வெளியே வரும்போது நோய் குறைந்திருக்கிறதா? இல்லை. வேலை கிடைக்கிறதா? இல்லை. அதே நடுக்கம், அதே பாட்டில், மறுபடியும் அதே போலீஸ் நிலையம். இந்தச் செக்குமாட்டுச் சுற்று யாருக்கு லாபம்? அடிபட்டவருக்கு நியாயம் கிடைத்ததா? ஊருக்கு அமைதி கிடைத்ததா? நாட்டுக்காக உழைத்தவருக்கு நாடு செய்த கைம்மாறு இதுதானா? இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உழைக்கும் மக்கள் முன் வைக்கிறோம்.

அருவியும் சங்கிலியும்

நெல்லைச் சீமையில் ஒரு பழைய பேச்சு உண்டு. சித்தம் கலங்கியவனைக் கண்டால், "குற்றாலத்துக்குக் கொண்டுபோய்த் தலையை நனை" என்பார்கள். இன்று அது கேலிப் பேச்சாகிவிட்டது. ஆனால் அதற்குள் ஓர் இரக்கம் இருக்கிறது. புத்தி கலங்கியவனைக் கட்டி வைத்து அடிக்காதே, குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோ, அவன் தெளிந்து வருவான் என்ற நம்பிக்கை அது. அருவித் தண்ணீர் மனநோயைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மனநோய்க்கு மருத்துவமும் மருந்தும் வேண்டும். ஆனால் "நோயாளி தண்டிக்கத் தக்கவன் அல்ல" என்ற எண்ணம் நம் பாட்டன்மாருக்கு இருந்தது. நம் சர்க்காருக்கு அது இல்லை.

இரக்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். அங்கே தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் மாண்டார்கள். சங்கிலி இரும்பாக இருந்தாலென்ன, கோர்ட்டு உத்தரவாக இருந்தாலென்ன? நோயாளியைக் கட்டிப்போடுவது சிகிச்சையாகிவிடாது.

சிப்பாயின் மனக்காயத்தைக் குற்றமாக்கும் கொடுமை பழையது. முதல் உலகப் போரில் பீரங்கி வெடியில் புத்தி கலங்கி நடுங்கியவர்களும் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார்கள். கோழைகள் என்றும், ஓடிப்போனவர்கள் என்றும் அந்த ராணுவம் பலரைச் சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்பு வழங்கியது. செத்துப்போனவனுக்குத் தொண்ணூறு வருஷம் கழித்து மன்னிப்பு! இந்த நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நூலில் முறையான பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டதே 1980இல்தான். வியத்நாமில் அக்கிரம யுத்தம் நடத்தி, அந்த மக்களையும் அழித்து, தன் சொந்த நாட்டு ஏழைப் பிள்ளைகளையும் மனம் சிதைந்தவர்களாக்கித் திருப்பி அனுப்பிய பிறகு வந்த ஞானம் அது.

பஃபலோ நகரத்துக் கோர்ட்டு

அந்த அமெரிக்காவில்தான் நாம் கவனிக்க வேண்டிய ஒரு காரியமும் நடந்தது. 2011-12ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்நாட்டுச் சிறைகளில் சுமார் 1,81,500 முன்னாள் படைவீரர்கள் அடைபட்டிருந்தார்கள். நூறு கைதிகளில் எட்டுப் பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள். யுத்த வியாபாரிகள் கோடி கோடியாகக் குவித்த நாட்டில், யுத்தத்துக்குப் போனவனுக்குக் கிடைத்தது கம்பிக் கதவு!

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்ற தொழில் நகரம் இருக்கிறது. அங்கே ராபர்ட் ரஸல் என்ற நீதிபதி, போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கான சிகிச்சைக் கோர்ட்டை நடத்திவந்தார். அவர் முன் வியத்நாம் யுத்தத்துக்குப் போய்வந்த ஒருவர் நின்றார். தலை நிமிரவில்லை; கேட்டதற்குப் பதில் இல்லை; சிகிச்சையிலும் முன்னேற்றம் இல்லை. நீதிபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. அதே யுத்தத்துக்குப் போய்வந்த இருவர் கோர்ட்டு அலுவல்களில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, "வெளியே அழைத்துப்போய் இவரோடு கொஞ்சம் பேசுங்கள்" என்றார். சற்று நேரம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தபோது நிமிர்ந்து நின்றார். இனி முயன்று பார்ப்பதாக வாயைத் திறந்து சொன்னார். ஜெயிலும் உபதேசமும் செய்யாததை, அதே துன்பத்தைப் பட்ட தோழனின் பேச்சு செய்தது.

இந்த அனுபவத்திலிருந்து, 2008 ஜனவரியில், முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனியான சிகிச்சைக் கோர்ட்டு பஃபலோவில் தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டில் இப்படிப்பட்ட கோர்ட்டுகள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன.

அது நடக்கும் விதம் இதுதான். கைதானவரிடம் முதலிலேயே, "பட்டாளத்தில் இருந்தீர்களா?" என்று கேட்கிறார்கள். அவர் சம்மதித்தால் ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைத் திட்டம் எழுதப்படுகிறது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ அவர் அடிக்கடி நீதிபதி முன் வர வேண்டும். குடிக்கவில்லை, போதை உட்கொள்ளவில்லை என்று சோதனை உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவத் துறையின் ஆள் கோர்ட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மருந்துக்கும் பென்ஷனுக்கும் அங்கேயே ஏற்பாடு செய்வார். இன்னொரு முன்னாள் சிப்பாய் துணைவராக நியமிக்கப்படுகிறார். வீட்டுக்குப் போவார், போனில் பேசுவார், வேலை தேடித் தருவார். தவறினால் கண்டிப்பு உண்டு. திட்டத்தை முடித்துவிட்டால் பல வழக்குகள் தள்ளுபடியாகின்றன, அல்லது தண்டனை குறைகிறது.

இதை நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. பல இடங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடுகிறார்கள். கொடிய வன்முறை வழக்குகளைப் பல கோர்ட்டுகள் ஏற்பதில்லை. எல்லோரும் தேறிவிடுவதுமில்லை. புதிது புதிதாக யுத்தம் நடத்திக்கொண்டே காயத்துக்கு மருந்து போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும். ஆனாலும் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது: நீதிபதி, வைத்தியர், அதே துன்பம் பட்ட தோழன், பிழைக்க ஒரு வேலை ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால், ஜெயிலுக்குப் போக இருந்தவரை வீட்டுக்குத் திருப்ப முடியும்.

நம் சட்டம் கையைக் கட்டவில்லை

"அது பணக்கார நாடு, நமக்கு எப்படி முடியும்?" என்று கேட்பார்கள். தோழர்களே, இதற்குத் தேவையான சட்டத்தின் பெரும்பகுதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற முறைக்கு 1936இலேயே சட்டம் செய்தது சென்னை மாகாணம். பிறகு 1958இல் நாடு முழுவதற்கும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று கண்டவரையும் ஜெயிலுக்கு அனுப்பாமல், மூன்று வருஷம் வரை நன்னடத்தைப் பிணையில் விடலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைக்கலாம். எங்கே வசிக்க வேண்டும், மது அருந்தக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடலாம். மதுவைப் பற்றிச் சட்டமே வாய்விட்டுச் சொல்கிறது! 12ஆம் பிரிவு இன்னும் மேலே போகிறது: இப்படி விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்ற காரணத்தால் வரும் தகுதியிழப்பு கிடையாது. அதாவது, அவர் வேலைக்குப் போகும் வழி அடைபடாது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். சிறு அளவு வழக்கில் சிக்கிய போதை அடிமையை, அவர் சம்மதத்தின் பேரில், தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் இந்தச் சட்டம் சாராயத்துக்குப் பொருந்தாது. நம் கிராமங்களில் குடும்பங்களை விழுங்குவதோ பெரும்பாலும் சாராயம்தான்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தவருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அல்லது சமூக சேவை செய்யச் சொல்லலாம். தெருவைக் கூட்டச் சொல்வது ஜெயிலை விட மேல்தான். ஆனால் கூட்டி முடித்தவர் போகும் வழியில் அதே கடை திறந்திருக்கிறது. சிகிச்சை எங்கே?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு ஜெயிலிலாவது மனநல சிகிச்சையிடம் அமைக்கவும் கட்டளையிடுகிறது. குடிமகனுக்கு மனநல சிகிச்சை பெறும் உரிமை உண்டென்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த உரிமை கோர்ட்டுப் படியோடு நின்றுவிடலாமா?

2025 ஜூலை 26 அன்று, படைவீரர் குடும்பங்களுக்கு இலவச வக்கீல் உதவி தரும் 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற திட்டத்தை தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீநகரில் தொடங்கியது. நல்ல காரியம். நிலத் தகராறிலும் குடும்ப வழக்கிலும் சிப்பாய் ஏமாறாமல் இருக்க அது உதவும். ஆனால் நடுங்கும் கைக்கு வக்கீல் மட்டும் போதாது, வைத்தியரும் வேண்டும்.

ஆக, சட்டம் இருக்கிறது. இல்லாதது என்ன? போதுமான நன்னடத்தை அலுவலர்கள், கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை, ஏழையின் நோயைக் காணும் கண் ஆகியவைதான். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தீர்ப்புக்கு முன்பே கம்பிக்குள்! பணக்காரன் ஜாமீன் வாங்கிக் காரில் வீட்டுக்குப் போகிறான். ஏழைக்கு ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை. தண்டனைக்குப் பிறகு வரும் நன்னடத்தைச் சட்டம், தண்டனைக்கு முன்பே மாதக்கணக்கில் ஜெயிலில் கிடந்தவருக்கு என்ன பயன்? ஆகவே சிகிச்சையின் கதவு, ரிமாண்டு கேட்கும் முதல் நாளிலேயே திறக்க வேண்டும்.

பாட்டிலைக் கொடுத்தவர் யார்?

சர்க்காரின் இரட்டை நாக்கையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ராணுவக் கேண்டீனில் முன்னாள் படைவீரருக்கு மாதம்தோறும், பதவிக்குத் தக்கபடி, சலுகை விலையில் மது தரப்படுகிறது. பனிமலையில் பழகிய ரம் ஊருக்கும் பின்தொடர்ந்து வருகிறது. அது போதாதென்றால் 2003 முதல் மாநில சர்க்காரே டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது. இந்தக் கையால் பாட்டிலை நீட்டி, அந்தக் கையால் விலங்கை மாட்டுவது என்ன நியாயம்? மது விற்ற காசு கஜானாவுக்குப் போகிறது. மது தந்த நோய் ஏழையின் வீட்டுக்குப் போகிறது. அந்தக் காசில் ஒரு பங்கையாவது குடிநோய் சிகிச்சைக்குக் கொடு என்று கேட்பது பிச்சையல்ல, நம் உரிமை.

"அப்படியானால் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்குச் சிகிச்சை, அடிபட்டவளுக்கு ஒன்றுமில்லையா?" என்று நமது சகோதரிகள் கேட்பார்கள். மிக நியாயமான கேள்வி. கணவனின் காயத்துக்கு மனைவியின் முதுகு விலையாகக் கூடாது. அவளுடைய பாதுகாப்பு முதலில், சிகிச்சை அதற்கடுத்தது. அவள் வேறிடத்தில் இருக்க விரும்பினால் அதற்கு வழியும், வீட்டுச் செலவுக்குப் பணமும் கோர்ட்டு உறுதிசெய்ய வேண்டும். அவளைக் கேட்காமல், "சமரசம்" என்ற பெயரில் அவள் தலையில் எதையும் கட்டக் கூடாது. ஆனால் இன்றைய முறையில் அவளுக்குக் கிடைப்பது என்ன? சில வாரம் நிம்மதி. பிறகு, முன்னிலும் கோபத்தோடு, வேலையும் இல்லாமல் அதே மனிதர் வாசலில் வந்து நிற்கிறார். நோய் தீர்ந்து கண்காணிப்பில் இருப்பவரே அவளுக்கும் குறைந்த ஆபத்து.

"ராணுவத்தாருக்கு மட்டும் ஏன் சலுகை? பஞ்சுத் தூசியில் நெஞ்சு தேய்ந்து, இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டு, குடியில் விழுந்த மில் தொழிலாளிக்கு இல்லையா? கந்துவட்டிக்குப் பயந்து மனம் கலங்கிய விவசாயக் கூலிக்கு இல்லையா?" இதுவும் நியாயமே. நமது பதில்: அவருக்கும் வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் சிப்பாய், கூலி என்று பிரிக்கவில்லை. முன்னாள் சிப்பாயின் உடலில் சர்க்கார் ஏற்படுத்திய காயம் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. அதை மறுக்க எந்த மந்திரிக்கும் வாய் வராது. ஆகவே அந்தக் கதவை முதலில் தட்டுவோம். ஒருவருக்குத் திறந்த கதவை மற்றவர்களுக்கு அடைக்க முடியாது. அமெரிக்காவிலும் 1989இல் மயாமியில் போதை நோயாளிகளுக்கான கோர்ட்டு பிறந்த பிறகே படைவீரர் கோர்ட்டு பிறந்தது. ஒரு உரிமை மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

சிப்பாயும் தொழிலாளியும் வேறு வேறு ஜாதியல்ல. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைச் சிப்பாய்கள் வெள்ளையனுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, மில் தொழிலாளர்கள் மில்லை விட்டு வெளியே வந்து தெருவில் ரத்தம் சிந்தினார்கள். உடுப்பு வேறு, ரத்தம் ஒன்று என்று அன்றே காட்டினார்கள்.

வரப்போகும் கூட்டம்

இந்தப் பிரச்னை நேற்றையதல்ல, நாளையது. இலங்கைக்கு 1987இல் அனுப்பப்பட்டு 1990இல் திரும்பிய அமைதிப்படையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் உயிர் இழந்தார்கள். உயிரோடு வந்தவர்கள் இன்று முதியவர்கள். 1999இல் கார்கிலில் நின்றவர்கள் நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். இவர்களுக்காவது பென்ஷன் உண்டு. 2003இல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளின் கதி என்ன? நான்கே வருஷம் சேவை. அறிவித்த விதிப்படி நூற்றுக்கு இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்புவார்கள். கையில் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய். பென்ஷன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து இல்லை. அந்த மருத்துவத் திட்டமும் இல்லை. முதல் அணி சேர்ந்தது 2022 இறுதியிலும், 2023 தொடக்கத்திலும். நான்கு வருஷக் கணக்கு 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது.

இருபத்தொரு வயதில், துப்பாக்கி பிடித்துப் பழகிய கையோடு, வேலையில்லாத ஊருக்குத் திரும்பும் பிள்ளைக்கு மனக்காயம் இருந்தால் யாரிடம் போவான்? "நீ முன்னாள் படைவீரனே அல்ல" என்று கதவைச் சாத்துகிற சர்க்கார், அவன் தடம் புரண்டால் ஜெயில் கதவை மட்டும் தாராளமாகத் திறந்துவைக்குமா? உழவன் மகனை வாடகை மாடு போல் வாங்கி, உழுது முடித்ததும் அவிழ்த்துவிடும் இந்தக் கொள்கையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நாம் கேட்பது

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் வந்தார், போலீஸ் சூப்பிரண்டு வந்தார். தண்டிக்கும் சாதனம் முழுதாக வந்தது போல் குணப்படுத்தும் சாதனமும் வர வேண்டாமா? சென்னை ஹைகோர்ட்டும் மாநில சர்க்காரும் மனம் வைத்தால், புதுக்கட்டடம் கட்டாமலே தென்காசியில் தொடங்கலாம். நமது கோரிக்கைகள் இவை:

1. மனநோய், குடிநோய் சம்பந்தப்பட்ட சிறு வழக்குகளைக் கேட்க, தென்காசி கோர்ட்டில் ஒரு மாஜிஸ்திரேட்டையும் குறிப்பிட்ட நாளையும் ஒதுக்க வேண்டும். முன்னாள் படைவீரர் வழக்குகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.

2. கைது செய்யும்போதும் ரிமாண்டின்போதும், "பட்டாளத்தில் இருந்தீர்களா? தூக்கமின்மைக்கோ மனநோய்க்கோ குடிக்கோ சிகிச்சை பெற்றீர்களா?" என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

3. நன்னடத்தை அலுவலர்களின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஆளின் வீட்டையும் வேலையையும் நேரில் பார்த்து அறிக்கை தர அவர்களுக்கு நேரம் வேண்டும்.

4. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் முழுநேர மனநல வைத்தியரும், குடிநோய்க்குத் தனிப் படுக்கைகளும், வருஷம் முழுவதும் இலவச மருந்தும் உறுதி செய்யப்பட வேண்டும். மேல்சிகிச்சைக்கு நோயாளியைச் சென்னை கீழ்ப்பாக்கம் வரை அலைக்கழிக்கக் கூடாது.

5. குடியிலிருந்து மீண்ட முன்னாள் சிப்பாய்களையும் தொழிலாளர்களையும் துணைவர்களாக நியமித்து, பஸ் செலவும் படியும் தர வேண்டும்.

6. சிகிச்சையில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

7. அக்னிபாத் மூலம் சேர்ந்து வெளிவரும் ஒவ்வொருவருக்கும் முன்னாள் படைவீரரின் முழு மருத்துவ உரிமை தர வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்றே செய்யத்தக்க காரியம் உண்டு. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் கைதானால், "குடிகாரன் தொலைந்தான்" என்று கதவைச் சாத்தாதீர்கள். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, சங்கத்துத் தோழர் ஒருவரோடு கோர்ட்டுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். ரிமாண்டு வேண்டாம், சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். குற்றம் நிரூபணமானாலும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோரச் சொல்லுங்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவராக இருந்தால் 6ஆம் பிரிவையும் நினைவூட்டுங்கள்; அந்த வயதினரைத் தக்க காரணம் எழுதாமல் ஜெயிலுக்கு அனுப்ப அது தடை விதிக்கிறது. அவர் ஜாமீனில் வந்தால், முதல் வாரம் அவர் பக்கத்திலேயே இருங்கள். பஃபலோ கோர்ட்டில் அந்த இருவர் செய்தது அவ்வளவுதானே? பக்கத்தில் நின்றார்கள், பேசினார்கள்.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதி வாசலைக் கடக்கும்போது, அந்தக் காக்கி உடுப்புக்காரரை நின்று விசாரியுங்கள். எந்தப் படையில் இருந்தார், இரவில் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவர் ஜெயிலுக்குப் போவதைத் தடுக்கும் வேலை கோர்ட்டில் தொடங்குவதில்லை. அந்த ஒரு கேள்வியில் தொடங்குகிறது. மீதியைச் சர்க்காரிடம் போராடி வாங்குவோம்.